மானநட்டமும் ஊடகச் சட்டமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களில் கோயில் நிருவாக சபைத் தகராறோ, காணி எல்லைப் பிணக்கோ, கூட்டுறவுச் சங்கத் தேர்தலோ இன்று முதலில் வெடிப்பது வட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும்தான். எழுதியவரும் எழுதப்பட்டவரும் அதன் பின்னர் ஓடுவது பெரும்பாலும் பொலிஸ் நிலையத்துக்கு. அவர்கள் செல்ல வேண்டிய வாசல் வேறொன்று, அது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கு என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை. இப்பக்கம் சட்டத்தரணியின் ஆலோசனைக்கு மாற்றீடன்று. சட்டத்தரணியிடம் எதைக் கேட்பது, எந்த நாளுக்குள் கேட்பது என்று தெரியாமலே பலர் தங்கள் உரிமையை இழப்பதைக் கண்டதனால் இதனை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முகநூலில் பொய் எழுதியிருக்கிறார்கள். பொலிஸில் முறையிட்டால் அவரைக் கைது செய்வார்களா?

மானநட்டத்துக்காக மட்டும் எவரையும் கைது செய்ய இலங்கையில் இன்று சட்டம் இல்லை. 2002ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தச் சட்டம் குற்றவியல் மானநட்டத்தை முற்றாக நீக்கிவிட்டது. அதற்கு முன்னர் நிலைமை வேறு. 1995ஆம் ஆண்டு சண்டே டைம்ஸ் பத்திரிகையின் வதந்திப் பத்தி ஒன்றில் அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஒரு விருந்துக்குச் சென்றார் என்று வெளிவந்த செய்திக்காக, அதன் ஆசிரியர் சிங்க ரட்ணதுங்க 1997இல் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டில் அதனை உறுதிசெய்தது. அத்தகைய வழக்குகளுக்கு எதிராகப் பத்திரிகை ஆசிரியர்களும் செய்தியாளர்களும் தொடர்ந்து குரல் கொடுத்ததன் விளைவே 2002ஆம் ஆண்டுத் திருத்தம். அது எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல என்பதை இளைய தலைமுறைச் செய்தியாளர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதில் எமது மக்களுக்கு ஏற்படும் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. வன்னியில் பெரும்பாலான வீடுகளில் இரவுச் செய்தி தமிழகத் தொலைக்காட்சிகளிலிருந்தே வருகிறது. நாம் மானநட்டம் என்பதை அங்கே அவதூறு என்பார்கள்; இந்தியாவில் அது இன்றும் குற்றம். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. 2023 மார்ச்சில் ராகுல் காந்திக்குச் சூரத் நீதிமன்றம் 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் குற்றத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததும் அந்தச் சட்டத்தின் கீழேதான். அந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு இங்கும் அவ்வாறே நடக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. (நீதிமன்றப் பெயர்களிலும் கவனம் தேவை: நாம் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தை, தமிழகத்தில் அப்பெயர் மாநில நீதிமன்றத்துக்குரியது.)

அப்படியானால் பொலிஸுக்குப் போகவே தேவையில்லையா?

எழுத்தில் அச்சுறுத்தல் இருந்தால், பாலியல் தொல்லை இருந்தால், ஒருவருடைய அந்தரங்கப் படங்கள் பரப்பப்பட்டால், பணம் கேட்டு மிரட்டினால், அவை குற்றங்கள்; தாமதிக்காமல் முறையிட வேண்டும். பொதுமக்களைப் பீதியடையச் செய்யும் பொய்ச் செய்தியைப் பரப்புவதற்குப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 98ஆம் பிரிவு பழைய காலத்திலிருந்தே உள்ளது. வாக்குமூலம் தமிழில் பதியப்பட வேண்டும் என்று கேட்பது உங்களுடைய உரிமை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில் கையொப்பமிட வேண்டாம்.

சிவில் வழக்கில் நான் எதைக் காட்ட வேண்டும்? நாங்கள் தேசவழமைக்கு உட்பட்டவர்கள். அது இதற்கும் பொருந்துமா?

பொருந்தாது. தேசவழமை எமது சொத்துரிமை, சீதனம், வாரிசுரிமை, முன்னுரிமைக் கொள்வனவு ஆகியவற்றைப் பற்றியது. மானநட்டத்துக்கு ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோமன் டச்சுச் சட்டமே இலங்கையின் பொதுச் சட்டமாக வவுனியாவிலும் மாத்தறையிலும் ஒரேவிதமாக நடைமுறையிலுள்ளது.

அச்சட்டத்தின்படி, உங்களைக் குறிக்கும் சொற்கள் மூன்றாம் ஆள் ஒருவருக்குத் தெரியும்படி வெளியிடப்பட்டன என்பதையும், அவை நியாயமான வாசகர் மத்தியில் உங்கள் நற்பெயரைத் தாழ்த்தக் கூடியவை என்பதையும் நீங்கள் காட்ட வேண்டும். அதைக் காட்டிவிட்டால், அவமதிக்கும் எண்ணம் இருந்ததாகச் சட்டம் ஊகிக்கும்; இல்லையென்று காட்டும் பொறுப்பு எதிராளியுடையது. இத்தனை ரூபாய் வருமானம் இழந்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மனதுக்கு ஏற்பட்ட காயமே இவ்வழக்கின் அடிப்படை. பெயர் சொல்லாமல் எழுதினேன் என்பதும் பாதுகாப்பாகாது. “எங்கள் ஊர்ப் பாடசாலையின் முன்னாள் அதிபர்” என்று எழுதினால், ஊரார் அனைவருக்கும் ஆள் யாரென்று தெரியும்.

உங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்ட தனிச் செய்தியைக் கொண்டு மானநட்ட வழக்குத் தொடர முடியாது, ஏனெனில் அங்கே மூன்றாம் ஆள் இல்லை. ஆனால் இழிவுபடுத்தல் என்ற தனி உரிமைமீறலாக அதனை அதே சட்டத்தின் கீழ் வழக்காட இடமுண்டு.

நான் எழுதியது உண்மை. பிறகு ஏன் பயப்பட வேண்டும்?

உண்மை மட்டும் போதாது என்பதே உரோமன் டச்சுச் சட்டத்தில் எமது மக்களுக்கு மிகவும் அதிர்ச்சியளிக்கும் பகுதி. எழுதியது உண்மையாகவும், அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். முன்பள்ளிக்கு வந்த கட்டட நிதி எங்கே போனது என்று கேட்பது பொது நன்மை. அந்த முன்பள்ளி நிருவாகியின் மகள் எந்தச் சாதிப் பையனோடு போனாள் என்று எழுதுவது, அது முழு உண்மையாகவே இருந்தாலும், பொது நன்மையாகாது.

பொதுநலனுக்காக எழுதுபவருக்குச் சட்டம் தரும் இன்னொரு கேடயம் சிறப்புரிமை. பெரேரா எதிர் பீரிஸ் என்ற வழக்கில் 1948ஆம் ஆண்டு, அன்று எமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழங்கிய தீர்ப்பு இன்றும் எங்கள் நீதிமன்றங்களில் எடுத்துக் காட்டப்படுகிறது. இலஞ்ச விசாரணை ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த மருத்துவர் ஒருவர் ஒளிவுமறைவின்றிப் பேசவில்லை என்ற அதன் அறிக்கையைச் சிலோன் டெய்லி நியூஸ் வெளியிட்டது. அவ்வறிக்கையை அறிவதில் பொதுமக்களுக்கு இருந்த நலன் கருதி அந்த வெளியீடு காக்கப்பட்டது. மூன்றாவதாக, உண்மையான செய்தியின் மீது நேர்மையாகச் சொல்லப்படும் அபிப்பிராயம் நியாயமான விமர்சனமாகக் காக்கப்படும். செய்தி எது, உங்கள் கருத்து எது என்று வாசகருக்குப் பிரித்துத் தெரியுமாறு எழுதுவதே இதற்கான வழி.

அதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்கா இதில் எம்மை விட முன்னே சென்றுவிட்டது. 1998ஆம் ஆண்டு பொகோஷி வழக்கில் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், செய்தி பின்னர் தவறென்று தெரியவந்தாலும், அச்சூழலில் அதனை வெளியிட்டது நியாயமானதாக இருந்தால் ஊடகத்துக்குப் பொறுப்பில்லை என்று கூறியது. 2022 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் மணல் அகழ்வு நிறுவனம் ஒன்று சூழல் ஆர்வலர்களுக்கு எதிராகத் தொடுத்த மானநட்ட வழக்கில், வாயடைக்கும் நோக்கத்துடன் போடப்படும் வழக்குகளுக்கு எதிராகப் பாதுகாப்புக் கோர இடமுண்டு என்று ஏற்றுக்கொண்டது. ஆற்று மணலும் கிரவலும் இரவோடிரவாக ஏற்றப்படும் எங்கள் மாவட்டங்களில், அதைப் படமெடுத்து எழுதுபவருக்குக் கோடிக் கணக்கில் நட்டஈடு கேட்டுக் கோரிக்கைக் கடிதம் வரும்போது, அவருக்காகத் தோன்றும் சட்டத்தரணி இத்தீர்ப்புகளை எங்கள் நீதிமன்றங்களின் முன்னும் வைக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. அவை எம்மைக் கட்டுப்படுத்தா; ஆனால் ஒரே மரத்தின் கிளைகள் என்பதால் அவற்றுக்கு மதிப்புண்டு. கடிதத்தில் உள்ள தொகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது கேட்பவர் எழுதும் தொகை. நீதிமன்றம் வழங்கும் தொகை வேறு.

நான் எழுதவில்லை. வந்ததைப் பகிர்ந்தேன், அவ்வளவுதான்.

பகிர்வதும் வெளியிடுவதே. “வந்ததை அனுப்புகிறேன், உண்மையோ தெரியவில்லை” என்ற முன்குறிப்பு உங்களைக் காப்பாற்றாது. 2013ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் இஸ்பார்ட்டா எதிர் ரிக்டர் வழக்கில், முகநூலில் எதையும் எழுதாத ஒருவர், தனது பெயர் அப்பதிவுகளில் இணைக்கப்படுவதை அறிந்தும் தடுக்கவில்லை என்பதற்காக எழுதியவருடன் சேர்த்துப் பொறுப்பாக்கப்பட்டார்.

குழு நிருவாகியின் நிலை வேறு. உறுப்பினர் ஒருவர் எழுதியதற்காக வட்ஸ்அப் குழு நிருவாகியைக் குற்றப் பொறுப்பாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. அது இந்தியத் தீர்ப்பு என்பதையும், குற்றப் பொறுப்பைப் பற்றியது என்பதையும் மறக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர் அழைத்துச் சொன்ன பின்னரும் நீக்காமல் விட்டிருந்தால், சிவில் வழக்கில் அந்த மௌனம் உங்களுக்கு எதிராகப் பேசும்.

எவ்வளவு காலத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும்?

2 ஆண்டுகளுக்குள். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுவது இதுதான். பிரதேச செயலகத்தில் முறையிட்டேன், பொலிஸில் இழுத்தடித்தார்கள், மத்தியஸ்த சபையில் தவணை போட்டார்கள் என்று நீங்களாகக் கணக்குப் போட்டு நாளைத் தள்ள வேண்டாம். வெளியான நாளிலிருந்தே எண்ணுங்கள்.

தாக்கப்பட்ட செய்தியாளர்களுக்கும் இதே எல்லைதான். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற இரு செய்தியாளர்கள் தாக்கப்பட்டதை நாம் அறிவோம். இத்தகைய சம்பவங்களில் நீதிவான் நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நடக்கிறது என்ற நம்பிக்கையிலேயே பாதிக்கப்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள். குற்ற வழக்கு எத்தனை ஆண்டு நீண்டாலும் உடைந்த கமராவுக்கும் உடலில் பட்ட காயத்துக்கும் நட்டஈடு கேட்கும் சிவில் உரிமை 2 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். ஒன்று முடியும்வரை மற்றதை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

ஸ்கிரீன் ஷொட் போதுமான சாட்சியமா?

கிளிநொச்சியில் படப்பிரதிக் கடை ஒன்றில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவர் கண்ணாடி வெடித்த கைத்தொலைபேசியைக் கடைப் பையனிடம் கொடுத்து, தன் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட பதிவைப் பிரதி எடுக்கச் சொன்னார். பையன் அழகாக இருக்கட்டும் என்று படத்தின் மேலும் கீழும் வெட்டிவிட்டு அச்சிட்டுக் கொடுத்தான். வெட்டப்பட்ட மேல் பகுதியில்தான் எழுதியவரின் கணக்குப் பெயரும் திகதியும் இருந்தன. ஐயா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் சொன்ன பின்னர் மீண்டும் திறந்து பார்த்தபோது அந்தப் பதிவு அங்கே இல்லை.

ஆகவே முழுத் திரையையும், கணக்கின் பெயர், முகவரி இணைப்பு, திகதி, நேரம், கீழேயுள்ள கருத்துகள் அனைத்தும் தெரியும்படி எடுங்கள். அப்பதிவை அன்றே பார்த்த இருவரின் பெயரை எழுதி வையுங்கள். வெளியீடு நடந்தது என்பதற்கு அவர்களே சாட்சிகள். கைத்தொலைபேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் கணினிச் சான்றையோ ஒலி, ஒளிப்பதிவையோ முன்வைப்பதாயின் வழக்கு விசாரணைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு 45 நாட்களுக்கு முன்னர் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் பற்றிய 2006ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளது. எந்தச் சட்டத்தின் வழியில் செல்வது என்பதை முதல் நாளிலேயே சட்டத்தரணியுடன் பேசித் தீர்மானியுங்கள்.

எழுதியவர் கனடாவில் அல்லது பிரான்ஸில் இருக்கிறார். என்ன செய்வது?

வன்னியில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. ஊர்க் கோயிலின் தேருக்குப் பணம் அனுப்பியவர் அங்கிருந்து கணக்குக் கேட்கிறார். பதில் திருப்தி தராதபோது நேரலையில் வந்து திட்டுகிறார். பழிச்சொல் இங்கே வாசிக்கப்பட்டு இங்கே பெயர் கெட்டால் வழக்கெழு காரணம் இங்கேயே எழுந்தது என்று வாதிட்டு, இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியும். சிரமம் அதன் பின்னர்தான். நீதிமன்றத்தின் அனுமதியுடன் வெளிநாட்டுக்கு அழைப்பாணை அனுப்ப வேண்டும். தீர்ப்புக் கிடைத்தாலும் அவருக்கு இங்கே காணியோ வீடோ இல்லையென்றால் நட்டஈட்டை அறவிடுவது கடினம். ஆகவே அவருடைய பேச்சை இங்கே பரப்பியவர் யார் என்று பாருங்கள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். ஆனால் கணக்குக் கேட்டது நியாயமாக இருந்தால் முதலில் கணக்கைக் காட்டுங்கள். அது வழக்கை விட விரைவில் வாயை அடைக்கும்.

நீதிமன்றத்தில் நடப்பதை எழுதலாமா? கொக்குத்தொடுவாய் போன்ற விடயங்களில்?

திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நடந்தபடியே, நேர்மையாகவும் துல்லியமாகவும் எழுதலாம். 2023 ஜூன் மாத இறுதியில் குடிநீர்க் குழாய்க்கு நிலம் தோண்டியபோது வெளிப்பட்ட கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழியில், 2024 ஜூலைக்குள் 52 பேரின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டதை நாட்டுக்குச் சொன்னவர்கள் அங்கே வெயிலில் நின்ற உள்ளூர்ச் செய்தியாளர்களே. அகழ்வு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடக்கும்போது எங்கே நின்று படமெடுக்கலாம் என்று நீதிவான் விதிக்கும் கட்டுப்பாட்டை மீறக் கூடாது. எச்சங்கள் யாருடையவை என்று விசாரணை முடிவதற்கு முன்னர் முடிந்த முடிபாக எழுதவும் கூடாது. உறவினரைத் தேடி வாசலில் நிற்கும் தாய்மாருக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதையும் அதுவே.

பாலியல் குற்றத்தினால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் அவ்வாறே தடுக்கிறது. ஊர்ப் பெயரும் தந்தையின் தொழிலும் சேர்ந்தால் சிறிய கிராமத்தில் அதுவே பெயர் சொன்னதற்குச் சமம்.

நீதிமன்ற அவமதிப்பைப் பொறுத்தவரை, 2017இல் நீதித்துறையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்துக்காக 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அன்றைய பாராளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்கவுக்கு 4 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்ததை மறக்க வேண்டாம். தீர்ப்பை விமர்சிக்கலாம், நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிப்பது வேறு.

பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் என்னைப் பழித்துப் பேசினால்?

வழக்குத் தொடர முடியாது. 1953ஆம் ஆண்டின் பாராளுமன்ற (தத்துவங்களும் சிறப்புரிமைகளும்) சட்டம் சபையில் பேசப்படுவதை முற்றாகக் காக்கிறது. குருந்தூர்மலை விகாரைக் கட்டுமானம் பற்றிய வழக்கைக் கையாண்ட முல்லைத்தீவு மாவட்ட நீதிபதியைப் பற்றி 2023இல் சபையில் ஓர் உறுப்பினர் பேசியபோது, வடக்கின் சட்டத்தரணிகளால் செய்ய முடிந்தது பணிப்புறக்கணிப்பும் கண்டனமும் மட்டுமே. அவ்வாண்டு செப்டெம்பரில் அந்நீதிபதி உயிர் அச்சுறுத்தலைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். இச்சிறப்புரிமை மக்களின் குரலுக்காக வழங்கப்பட்டது. தன் தரப்பைச் சொல்ல முடியாத நீதிபதி ஒருவர் மீது அதனைப் பயன்படுத்துவது அதன் நோக்கத்துக்கே முரணானது என்று நான் கருதுகிறேன்.

எழுதியதற்காகவே ஒருவரைக் கைது செய்துவிட்டார்கள். என்ன வழி?

கருத்து வெளியிடும் உரிமையை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை உறுதிப்படுத்துகிறது. ஆயினும் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயச் சட்டம் (2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம்), பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகியவை எழுத்தாளர்களுக்கு எதிராகப் பயன்பட்டுள்ளன. பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஆகஸ்டில் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது அவர் எழுதிய கட்டுரைகளை மையப்படுத்திய வழக்கிலேயே. 2010இல் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தனது தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் கைதாகி, 2021 டிசம்பரிலேயே பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சிறையில் கழிந்த நாட்களை எந்த விடுதலைத் தீர்ப்பும் திருப்பிக் கொடுப்பதில்லை.

ரம்சி ராசிக் தொடர்பில் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நம்பிக்கை தருவது. பேனாவையும் கணினி விசைப்பலகையையும் கொண்டு கருத்தால் போராட வேண்டும் என்று முகநூலில் எழுதியதற்காக 2020 ஏப்ரலில் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்ட அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதெனக் கண்டு, நீதிமன்றம் நட்டஈடு வழங்க உத்தரவிட்டது.

ஆனால் அந்த வாசல் 1 மாதம் மட்டுமே திறந்திருக்கும். 126ஆம் உறுப்புரையின்படி மீறல் நடந்து 1 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். கொழும்புக்குப் போக உடனே வசதியில்லையென்றால் அதே 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறையிடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த 1 மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் எழுதப்பட்ட துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கைது இல்லாமல் விசாரணைக்கு அழைப்பதும் அச்சுறுத்தலே. 2025 ஆகஸ்டில் முல்லைத்தீவைச் சேர்ந்த ஒளிப்படச் செய்தியாளர் ஒருவர் அளம்பிலில் உள்ள பயங்கரவாத விசாரணைப் பிரிவுக்கு அழைக்கப்பட்டார். அத்தகைய அழைப்பு வந்தால் எழுத்தில் கேளுங்கள், சட்டத்தரணியுடன் செல்லுங்கள்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமான இச்சட்டம் அவ்வாண்டு ஜனவரியில் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பொய்யான கூற்றினால் பாதிக்கப்பட்டவர் நிகழ்நிலைக் காப்பு ஆணைக்குழுவிடமோ நீதிவான் நீதிமன்றத்திடமோ செல்ல அது இடமளிக்கிறது. கூற்றைச் செய்பவர் பொய்யென்று அறிந்தோ நம்பியோ ஏமாற்றும் நோக்கத்துடன் செய்வதையே சட்டம் பொய்க் கூற்று என்கிறது. நல்லெண்ணத்துடன் கூறப்படும் அபிப்பிராயம் அதில் அடங்காது. 2002இல் மூடப்பட்ட கதவு இதன் வழியே பாதி திறந்துவிட்டது என்ற அச்சம் எனக்கு உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் இருதரப்பும் சமமாக நின்று வாதாட வேண்டிய பிணக்கைத் தண்டனைச் சட்டத்தின் பக்கம் இழுப்பதற்கு ஏன் விரும்புகிறார்கள் என்பதை அதிகாரத்தில் இருப்பவர்களிடமே கேட்க வேண்டும்.

அலுவலகம் ஒன்றின் முறைகேட்டை எழுத விரும்புகிறேன். வழக்கு வராமல் எழுதுவது எப்படி?

எழுதுவதற்கு முன்னர் ஆவணத்தைப் பெறுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ளது. தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் 2 மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையிடலாம். சொத்து விபரங்களைச் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைக் கோரிய செய்தியாளரின் விண்ணப்பத்தில் ஆணைக்குழுவின் தீர்மானத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் உறுதிசெய்தது. முத்திரையிட்ட பதில் கடிதம் கையில் இருந்தால் உண்மை என்பதற்கும் பொது நன்மை என்பதற்கும் அதுவே அடித்தளம். மறுபக்கத்திடம் விளக்கம் கேட்டு, அதையும் அதே செய்தியில் சேருங்கள்; பதில் தரவில்லையென்றால் எந்த நாளில், எந்த நேரத்தில் அழைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

எனக்குச் சட்டத்தரணி பிடிக்கப் பணமில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குச் செல்லுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அது வழக்குப் பேசும். கிராம அலுவலரின் வருமானச் சான்றிதழையும், பதிவு வெளியான திகதியை ஒரு தாளில் எழுதியும் கொண்டு போங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தத் திகதியைத்தான்.